ஜாசிமின் தண்ணீர்

ஜூன் 3
ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அப்படியே கிடக்கிறது. லைலா ஹலபியின் ‘ஒன்ஸ் இன் எ ப்ராமிஸ்ட் லேண்ட்’ (2007) நாவலைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவின் ஒரு நாள் தண்ணீரைக் காலையிலேயே 800 மில்லி அளந்து பாட்டிலில் ஊற்றிவிடுகிறேன். மாத்திரைக்கும் காப்பிக்கும் அம்மாவுக்கு அதிலிருந்துதான்.

ஜூன் 4
நாவலின் நாயகன் ஜாசிம் ஜோர்டான்காரன், நீரியல் நிபுணன், இருப்பது அரிசோனாவின் டூசானில். பாலைவன ஊருக்குத் தண்ணீர்க் கணக்குப் பார்க்கிறவன். 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்தத் தண்ணீரே அவன்மேல் சந்தேகம் விழக் காரணமாகிறது. கடையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து நின்றால்கூடப் பாதுகாவலர் பின்தொடர்கிறார்.

ஜூன் 5
தூக்கமே இல்லை.

ஜூன் 7
கீழை நாடுகளை மேற்கு பார்த்த விதத்தைச் சொல்லும் எட்வர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ (1978) நூலை வைத்தே இயலை முடித்துவிடு என்கிறார் நெறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1915இல் ஜார்ஜ் டவ் என்ற சிரியரின் குடியுரிமை வழக்கில் சிரியர்களும் வெள்ளையரே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் அரபு வம்சாவளியினரையும் சேர்த்து மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்ற முடிவு 2024 மார்ச்சில்தான் வந்தது. அத்தனை காலமும் படிவத்தில் வெள்ளையர், விமான நிலையச் சோதனையில் வேறு யாரோ. இந்த இரட்டை நிலையைத் தூரத்திலிருந்து கீழை நாடுகளைப் பார்த்த பழைய பார்வையை மட்டும் வைத்து எப்படி விளக்குவது? இங்கே பார்க்கிறவர் கூடவே வேலை பார்க்கிறவர், பக்கத்து மேசைக்காரர்.

ஜூன் 8
அம்மா ஐஸ் கட்டி கேட்டாள். ஒன்று கொடுத்தேன், பாட்டிலிலிருந்து கொஞ்சம் கழித்தேன்.

ஜூன் 9
ஈவன் என்ற பையன் ஜாசிமின் காரில் அடிபட்டுச் சாகிறான். விபத்துதான், போலீசும் அப்படித்தான் சொல்கிறது. ஜாசிம் செய்யாததற்கெல்லாம் எஃப்.பி.ஐ. விசாரிக்கிறது, வேலை போகிறது. உண்மையில் அவன் நெஞ்சை அறுக்கும் மரணத்தை யாரும் கேட்கவே இல்லை. மனைவி சல்வாவிடம்கூட அவன் சொல்லவில்லை. அவளும் கரு கலைந்ததை அவனிடம் மறைக்கிறாள். ஹலபி அவனை மாசற்ற அரபியாக வடித்திருந்தால் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன். ‘நல்லவன், அதனால் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சாத எழுத்து. என் மூன்றாம் இயல் இதுதான், இதை மட்டும்தான் எழுதப் போகிறேன்.

டாக்டர் சொன்னதை நானும் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 10
கதை சொல்லத் தொடங்கும்போது அரபியில் ‘கான் யா மா கான்’ என்பார்களாம். இருந்ததோ இல்லையோ. ‘ஒரே ஒரு ஊரிலே’ என்றுதான் அம்மா தொடங்குவாள். இன்று கேட்டேன், அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

ஜூன் 12
600 மில்லி.