அம்ஸ்டர்டாம் போகிற காரைநகராருக்கும் மற்றவர்களுக்கும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான காரைநகருக்கு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வைத்த பெயர் அம்ஸ்டர்டாம். வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பரிஸ் நகரத்தில் கலியாண வீட்டுக்குப் போய், "கிட்டத்தானே, ஒருக்கா ஹொலண்டும் பார்த்திட்டு வருவம்" என்று வெளிக்கிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு போனால் அந்த நகரம் வேறு மாதிரித் தெரியும். வடிவாகவும் தெரியும், வயிறும் கொஞ்சம் எரியும்.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில்தான் முதல் பிழை விடுகிறார்கள். எந்த நாட்டில் அதிக நாள் நிற்கப் போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பரிஸில் பத்து நாள், அம்ஸ்டர்டாமில் இரண்டு நாள் என்றால் அது பிரெஞ்சு விண்ணப்பம். "ஹொலண்ட் சுகமாம்" என்ற பேச்சைக் கேட்டு மாறிப் போட்டால் கலியாண அழைப்பிதழும் ஹொட்டல் பதிவும் ஒன்றுக்கொன்று இடிக்கும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் அவர்கள் தங்கள் நகரசபையில் உறுதிப்படுத்திய கடிதம் எடுத்து அனுப்ப வேண்டும்; அது தபாலில் வந்து சேர நாள் பிடிக்கும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போகத்தான் வேணும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், 15 நாளுக்கு உள்ளே வந்தபின் போட ஏலாது.

விசா வந்த கையோடு, நாஜிகளுக்கு ஒளித்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்குச் சீட்டு எடுத்துவிடுங்கோ. செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஊர் நேரம் காலை 10 மணிக்கு, ஆறு கிழமை கழித்து வரும் நாட்களுக்கான சீட்டை இணையத்தில் விடுவார்கள். இலங்கை நேரம் அங்கத்தைக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. வாசலில் விற்பனை இல்லை. உள்ளே படிகள் ஏணி மாதிரிச் செங்குத்து. முழங்கால் நோ உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தரப்படுத்த வேண்டாம். இதே படிதான் கால்வாய்க் கரைப் பழைய வீடுகளில் நடத்தும் ஹொட்டல்களிலும். அந்த வீடுகளின் நெற்றியில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். தளபாடத்தைப் படியால் ஏற்ற ஏலாததால் கயிறு கட்டி யன்னலால் எடுத்தார்கள். உங்கள் 30 கிலோ சூட்கேசுக்கு அந்த வசதி கிடையாது. லிஃப்ட் இருக்கோ என்று கேட்ட பிறகு பதியுங்கோ. அறை விலைக்கு மேல் 12.5 வீதம் நகர வரி வரும், அதையும் கணக்கில் சேருங்கோ.

ரயில், ட்ராம் எல்லாவற்றிலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம். ஆளுக்கு ஒரு அட்டை வேணும், ஒன்றை வைத்து நாலு பேரை ஏற்ற முடியாது. இறங்கும்போதும் தட்ட மறந்தால் உண்மையான கட்டணத்தைவிடக் கூடக் கழியும். றோட்டைக் கடக்கும்போது எங்கள் பழக்கத்தில் வலப்பக்கம்தான் முதலில் கண் போகும். அங்கே இடப்பக்கம் பார்க்க வேணும். செம்மண் நிறத்தில் இருக்கும் பாதை சைக்கிளுக்கு. அதில் நின்று படம் எடுத்தால் இடிபட்டு ஏச்சும் வாங்கலாம்.

டாம் சதுக்கத்து அரண்மனைக்குக் கட்டாயம் போகலாம். 1655 இல் நகரமண்டபமாகத் திறந்த கட்டடம் அது, 13,659 மரக்குற்றிகளின் மேல் நிற்கிறது. பெரிய மண்டபத்தின் சலவைக்கல் தரையில் உலகப்படம் பதித்திருக்கிறார்கள். வியாபாரிமார் உலகத்தின் மேலேயே நடந்தார்கள். திறந்து மூன்று வருடத்தில், 1658 இல், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அரச வைபவம் இருந்தால் அரண்மனை பூட்டு, நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கோ. அங்கிருந்து பத்து நிமிட நடையில் அவுட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய தலைமையகம் இருக்கிறது. இப்போது பல்கலைக்கழகம், சனம் இல்லாத செங்கல் முற்றம். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் கப்பலில் யானை ஏற்றியதற்கும் இந்த முற்றத்துக்கும் கணக்கு உண்டு. காணி உறுதி எழுதும்போது நாங்கள் பார்க்கிற, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707 இல் எழுத்தில் தொகுப்பித்ததும் இதே கம்பனிதான். திட்டுவதா, நன்றி சொல்வதா என்று அந்த முற்றத்தில் நின்று முடிவெடுக்க ஏலாது.

ரைக்ஸ் மியூசியத்தில் கண்டிப் பீரங்கியைத் தேட வேண்டாம். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்த அதை 2023 இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொழும்பு நூதனசாலைக்கு வந்துவிட்டது. எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையைப் போருக்குப் பின் திருத்தியதிலும் நெதர்லாந்து அரசின் காசு உண்டு. ஆனால் அதற்குள் 1706 இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் போரில் தரைமட்டம். அதைத் திருப்பித் தர எவராலும் ஏலாது.

அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு ஒன்று: நகரத்தின் ஆகப் பழைய கட்டடமான அவுட கெர்க் தேவாலயம் சிவப்பு விளக்குப் பகுதிக்கு நடுவில் இருக்கிறது. காலமையோடு போய் வந்துவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்குச் சுரினாம் ரொட்டிக் கடைதான்; சுரினாம் தென்னமெரிக்காவில் ஒல்லாந்தர் ஆண்ட நாடு. 1873 இலிருந்து வட இந்தியாவில் இருந்து கூலிகளாகச் சுரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழி வந்த சமையல்: ரொட்டி, உருளைக்கிழங்கு, பயித்தங்காய், கோழிக்கறி, அவித்த முட்டை. உறைப்புத் தனியாகக் கேட்டு வாங்க வேணும். சைவக்காரர் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கும்போது எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கோ, சில கடைகளில் மாட்டுக்கொழுப்பு.

மத்தியானத்துக்குப் பிறகு நகர நடுவில் சனம் நெருக்கும், நல்லூர்த் தேர் மாதிரி, பக்தி மட்டும் இல்லை. ஆகவே இரண்டாம் நாளை அங்கே கழிக்காமல், நெடுந்தீவுக்குப் பெயர் கொடுத்த டெல்ஃப்ட் நகரத்துக்குப் போகச் சொல்வேன். ரயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அதே கால்வாய், அதே செங்கல், கால்வாசிச் சனம். அவுட டெல்ஃப்ட் கால்வாய்க் கரையில் கம்பனியின் பழைய கட்டடம் ஒன்றும் நிற்கிறது. புதிய தேவாலயக் கோபுரத்துக்கு 376 படி. ஏற ஏலாதவர்கள் கீழே சதுக்கத்தில் கோப்பியோடு இருக்கலாம். வியாழக்கிழமை என்றால் அங்கேயே சந்தையும் கூடும்.