மேசைக் கணினியோடு மூன்று வாரம்: தூசி, பேஸ்ட், ஒரு சிவப்பு கேபிள்

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2014ஆம் ஆண்டு மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கியது. இன்டெல் கோர் ஐ3 4130 ப்ராசஸர், எச்81 போர்டு (மதர்போர்டு), 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் என்று அன்றைய நடுத்தரக் குடும்பம் ஒன்று யோசித்து வாங்கக்கூடிய சேர்க்கைதான் அது. மகள் லேப்டாப்புக்கு மாறிய பிறகு அது என் பொறுப்புக்கு வந்தது. வருமான வரிக் கணக்கு, குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு, அப்பா காலத்துப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து சேமிப்பது ஆகியவற்றுக்கு இன்றும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

2025 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தொல்லை தொடங்கியது. பிற்பகல் வேளைகளில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி உறைந்துவிடும். மவுஸின் அம்புக்குறி நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் அசைவு இருக்காது. கேபினெட்டின் முகப்பில் வழக்கமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க் விளக்கு அந்த நேரத்தில் மட்டும் சிமிட்டாமல் ஒரே சீராக எரியும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து, நான் பொறுமையிழந்து சொடுக்கி வைத்த அத்தனையும் ஒரே மூச்சில் திறந்துகொள்ளும். சில நாட்களில் இந்தச் சடங்கு எதுவும் இல்லாமல் கணினி பட்டென்று அணைந்துபோனதும் உண்டு. போதாக்குறைக்கு, காலையில் இயக்கினால் தேதி 2014 ஜனவரி 1 என்று காட்டியது. அதனால் வங்கியின் தளம் உட்படப் பெரும்பாலான தளங்கள், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சொல்லித் திறக்க மறுத்தன.

வழக்கமாகப் பார்க்கும் கடையில் பெட்டியைத் திறக்காமலேயே தீர்ப்பு வந்துவிட்டது. “ஹார்டு டிஸ்க் போயிடுச்சு சார், போர்டும் சந்தேகம்தான். பழைய மாடல், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க” என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் பதினொரு ஆண்டு உழைத்த பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கழித்துக்கட்ட மனம் ஒப்பவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு ஆகியவற்றோடு நானே உட்கார்ந்தேன். ஒரு நாளில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதை நோட்டில் எழுதுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதை நான் எங்கே மீறினேன் என்பதும் பின்னால் வரும்.

முதல் நாள் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. ஹார்டு டிஸ்க் உண்மையிலேயே சாகக் கிடந்தால், அதன் மேல் செக்டிஸ்க் போன்ற நீண்ட சோதனைகளை ஓட்டுவது நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வதற்குச் சமம். எனவே 62 ஜிபி அளவுள்ள புகைப்படங்களையும் கணக்குகளையும் முதலில் ஒரு வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். நடுவில் இரண்டு முறை உறைந்து, இரண்டு முறையும் தானே மீண்டு, மாலைக்குள் முடிந்தது. கோப்பு ஒன்றுகூடக் கெடவில்லை. டிஸ்க்கின் பரப்பே கெட்டிருந்தால் ஏதாவது ஒரு கோப்பிலாவது பிழை வந்திருக்க வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கலாம். எனக்கு அது தோன்ற மேலும் ஒன்பது நாட்கள் ஆயின.

தேதிப் பிரச்சினை எளிது. போர்டின் மேல் நாணயம் போலப் படுத்திருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 2.2 வோல்ட் காட்டியது. புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்க வேண்டியது அது. சுவர் ஸ்விட்ச் இயங்கிக்கொண்டிருக்கும் வரை கடிகாரம் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி) தரும் மின்சாரத்திலேயே ஓடிவிடுகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகுதான் இந்தப் பேட்டரிக்கு வேலை. இரவு படுக்கும் முன் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம் என்பதால், பாவம், பதினொரு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் காவல் இருந்தது அதுதான். புதியதைப் போட்டு, விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் தேதியைத் திருத்தியதும் வங்கித் தளம் திறந்தது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2014இல் நிற்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ்.

அடுத்தது வெப்பம். கோர் டெம்ப் என்ற சிறு மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தபோது, எதுவும் செய்யாமல் இருக்கையிலேயே ப்ராசஸர் 63 டிகிரி காட்டியது. ஒரு வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்ததும் ஐந்தே நிமிடத்தில் 97 டிகிரியைத் தொட்டது. அறையின் வெப்பம் 36 டிகிரி. திருச்சியின் சித்திரை மாதத்தில் அதற்கு மேல் குறைத்துக் கேட்பது நியாயமில்லை. இந்த வகை ப்ராசஸர் நூறு டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பார்க்கும். அப்படியும் வெப்பம் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். பட்டென்று அணைவதன் காரணம் கையில் சிக்கிவிட்டது என்று மகிழ்ந்தேன்.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் தூசி, கம்பளித் துண்டு போல ஒரே படலமாகப் படிந்திருந்தது. அதை விரல் நுனியால் பிடித்து உரிக்க முடிந்தது. விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் புளோயரால் ஊதினேன். காற்றின் வேகத்தில் விசிறி தறிகெட்டுச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். கூலரைக் கழற்ற, அதன் நான்கு மூலைகளிலும் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் ஊசிகளின் தலையை அம்புக்குறி காட்டும் திசையில் திருகி மேலே இழுக்க வேண்டும். அடியில், ப்ராசஸரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்த வைத்திருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பரப்பையும் துடைத்து, நடுவில் பாதிப் பட்டாணி அளவு புதிய பேஸ்ட்டை வைத்துக் கூலரை அழுத்தினேன். பேஸ்ட்டைக் கத்தியில் வெண்ணெய் தடவுவதுபோலத் தடவ வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

மிகுந்த பெருமிதத்தோடு கணினியை இயக்கினால், பயாஸ் திரையிலேயே வெப்பம் 70, 78, 85 என்று ஏறியது. பழைய பேஸ்ட்டே தேவலாம் என்ற நிலை. பதறி அணைத்துவிட்டுக் கைப்பேசியின் விளக்கை அடித்துப் பார்த்தேன். நான்கு ஊசிகளில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அருகில் உள்ள ஒன்று போர்டின் துளைக்குள் முழுவதும் இறங்காமல் சாய்ந்து நின்றது. அதனால் கூலரின் ஒரு ஓரம் மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலையை அழுத்தியபின் அதற்கு எதிர்மூலை என்று குறுக்காக அழுத்தினால் இப்படி ஆகாது என்பது பிறகு புரிந்தது. போர்டு வளைவதைப் பார்த்துக் கை தயங்கிவிட்டதுதான் காரணம். ஒவ்வோர் ஊசிக்கும் ‘டக்’ என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்தியே ஆக வேண்டும், பயந்தால் வேலைக்காகாது. மறுபடி துடைத்து, மறுபடி பேஸ்ட் வைத்து, நான்கு ‘டக்’ எண்ணி முடித்தபின் சும்மா இருக்கையில் 45 டிகிரியும், அதே வீடியோ மாற்றத்தின்போது 72 டிகிரியும் வந்தது.

நான்கு நாட்கள் கணினி அணையவில்லை, உறையவும் இல்லை. நோட்டில் ‘முடிந்தது’ என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். ஐந்தாம் நாள், காலை ஏழு மணிக்கு, வெயிலே இல்லாத நேரத்தில், ப்ராசஸர் 41 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும்போது கணினி உறைந்தது. ஹார்டு டிஸ்க் விளக்கு முன்போலவே சீராக எரிந்தது.

அப்போதுதான் நான் செய்த பிழை தெரிந்தது. அணைவதும் உறைவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டிருந்தேன். வெப்பம் என்பது மெய்யான கோளாறு. அதைச் சரிசெய்ததில் அணைவது நின்றுவிட்டது. ஆனால் நான் கண்டுபிடித்தது ஒரு கோளாறே தவிர, உறைவதற்கான கோளாறு அல்ல. பிற்பகலில்தான் நான் அதிகம் உட்காருகிறேன் என்பதால் பிற்பகலில்தான் உறைகிறது என்று தோன்றியிருக்கிறது. வெயிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பதற்றத்தில் என் விதியை மீறி, ஒரே மாலையில் ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை ஆல்கஹாலால் துடைத்து வேறு ஸ்லாட்டில் மாட்டினேன், டிரைவர்களைப் புதுப்பித்தேன், வைரஸ் சோதனையும் ஓட்டினேன். (ரேமைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் கடைகளின் முதல் மருந்து. அது பல நேரம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அந்தப் பொன் பூச்சு மிக மெல்லியது என்பதால் நான் ரப்பரைத் தவிர்த்தேன்.) ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள் இரவு முழுவதும் ஓடி, காலையில் பிழை பூஜ்யம் என்று காட்டியது. ரேம் குற்றமற்றது என்பது உறுதியானது. மற்ற இரண்டால் ஏதும் பயன் விளைந்ததா என்று சொல்ல வழியில்லை.

உருப்படியான துப்பு கிடைத்தது, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில். கணினி உறைந்த ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக, 129 என்ற எண்ணில் ஓர் எச்சரிக்கை பதிவாகியிருந்தது. சேமிப்பு சாதனத்துக்கு ரீசெட் அனுப்பப்பட்டது என்பது அதன் சாரம். அதாவது விண்டோஸ் டிஸ்க்கிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, காத்திருந்து பார்த்துவிட்டுத் தட்டி எழுப்பியிருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் நான் பார்த்த உறைநிலை. அப்படியானால் கடைக்காரர் சொன்னதுபோல டிஸ்க் போய்விட்டதா என்று பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தேன். டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையை அது காட்டும். அங்கே 05 என்ற வரிசையில், அதாவது கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டர்களின் (டிஸ்க் பரப்பின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கையில், பூஜ்யம். சி5 என்ற வரிசையில், படிக்க முடியாமல் ஐயத்தில் வைக்கப்பட்ட செக்டர்களும் பூஜ்யம். ஆனால் சி7 என்ற வரிசையில் 17எஃப் என்று இருந்தது. இந்த மென்பொருள் பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினாறடிமான எண்ணில் காட்டுவதால் அதை நாம் படிக்கும் எண்ணாக மாற்றினால் 383.

சி7 என்பது டிஸ்க்கின் பரப்பைப் பற்றியதே அல்ல. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே பயணிக்கும் ஒவ்வொரு தரவுத் தொகுப்போடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகிறது. சேருமிடத்தில் அது பொருந்தவில்லை என்றால் வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று பொருள். அப்போது அதே தொகுப்பு மறுபடி அனுப்பப்படும், பிழைக் கணக்கில் ஒன்று கூடும். நகல் எடுத்த அன்று கோப்பு ஒன்றும் கெடாமல் வந்து சேர்ந்ததற்கு விளக்கம் இதுதான். வீடு நன்றாக இருக்கிறது, தெருதான் குண்டும் குழியும். மறுநாள் மாலை மீண்டும் பார்த்தபோது எண் 192 ஆகியிருந்தது, அதாவது 402. ஒரே நாளில் பத்தொன்பது பிழைகள்.

கேபினெட்டை மறுபடி திறந்தேன். டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் சிவப்பு சாட்டா கேபிளை, வாங்கிய அன்று யாரோ ஒழுங்குக்காக ஒரு பிளாஸ்டிக் டையால் மற்ற ஒயர்களோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டிய இடத்தில் கேபிள் காகிதம் மடித்ததுபோல மடங்கி, சிவப்பு வெளிறி ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதன் முனையில் உலோகக் கொக்கியும் கிடையாது. டிஸ்க்கின் பக்கம் விரலால் தொட்டாலே முனை ஆடியது. கொக்கி வைத்த ஒரு புதிய சாட்டா கேபிளை 120 ரூபாய்க்கு வாங்கி வந்து, மடங்காமல் வளைவாக ஓடும்படி மாட்டினேன். கணினியை இயக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சி7இன் எண் 19சி, அதாவது 412. பழைய கேபிளின் கடைசிக் காலையில் சேர்ந்த பத்துப் பிழைகளோ, புதியதிலும் தொடரும் பிழைகளோ தெரியாமல் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. அந்தக் கணக்கு டிஸ்க்குக்குள்ளேயே எழுதப்படுவது. கோளாறு நீங்கினாலும் எண் குறையாது. ஏறுகிறதா, நிற்கிறதா என்று மட்டுமே பார்க்க முடியும். கேபிளைக் கழற்றும் முன் ஒருமுறை எண்ணைக் குறித்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இதற்கிடையில் இன்னொன்றும் சிக்கியது. மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் திருகைத் தொட்டபோது புறங்கையில் எறும்பு ஊர்வது போன்ற ஒரு சுருக்கு. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேபினெட்டிலும் மற்றொன்றைச் சுவர் சாக்கெட்டின் எர்த் துளையிலும் வைத்தால் 94 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசிவது தரைக்குப் போய்விடும், எர்த் அறுந்தால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் தொங்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கோடு போகிறது. கணினியைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தேன். எர்த்துக்கான பச்சை ஒயர் திருகிலிருந்து கழன்று ஓரமாகச் சுருண்டு கிடந்தது. பாக்ஸை ஓரங்கட்டிவிட்டுக் கணினியை நேரே சுவர் சாக்கெட்டில் செருகினேன். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. உறைவதோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. கழன்ற எர்த்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அந்தப் பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தேன் என்பதே என் கவலை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. நான்காம் தலைமுறை ப்ராசஸர் என்பதால் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இந்தக் கணினி இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்பதாக உத்தேசம். ஆனால் அது வேறு நோட்டு, வேறு மாதம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது தேதியும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. மே 3, 19சி. மே 6, 19சி. மே 10, பிற்பகல் மூன்று மணி, அறை 38 டிகிரி, ஆயிரத்து இருநூறு புகைப்படங்களை ஒரே நேரத்தில் நகல் எடுத்த பிறகு, 19சி.