ஆக்சிலரேட்டரை மூடினால் சைலன்சரில் வெடிச்சத்தம்: மூன்று ஞாயிறு வேலை

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வைத்த என் பழைய மோட்டார் சைக்கிள் ஒரு மாதமாக வெடித்துக்கொண்டிருந்தது. ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆக்சிலரேட்டரை மூடினால் போதும், பின்னால் படபடவென்று சத்தம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கவனித்தேன். கார்புரேட்டர் தும்முவதுபோல் வெடித்தால் பெட்ரோல் போதாத கலவை, தவறிய இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்), சரியாக மூடாத இன்டேக் வால்வு (கலவையை உள்ளே விடும் வால்வு) என்று தேட வேண்டும். என் வண்டியில் சைலன்சர் பக்கம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் போய்த் தீப்பற்றுகிறது.

முதல் ஞாயிறு, பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனை இளம்பழுப்பாக இல்லாமல், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் கீறல் இருக்குமோ என்று, ஐட்லிங்கில் ஓடவிட்டு அதைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைத் துளியளவு தெளித்தேன். கீறல் இருந்தால் கிளீனர் உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் வேகம் மாறும். மாறவில்லை, ரப்பரில் குறையில்லை. எளிதில் தீப்பிடிக்கும் திரவம் அது, சூடான குழாயில் படவே கூடாது.

இரண்டாம் ஞாயிறு பைலட் ஜெட். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது இந்தச் சிறு பித்தளைத் துண்டுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், துளையே தெரியவில்லை. கம்பியால் குத்தக் கை துறுதுறுக்கும். துளை பெரிதானால் ஜெட் வீண். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்ததும் மயிரிழைப் பொட்டாக ஒளி வந்தது. அன்று முழுவதும் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் கலவைத் திருகைக் கழற்றும் முன் உள்ளே முழுவதும் திருகி, சுற்றுகளை எண்ணிக் குறித்திருந்தேன்: இரண்டேகால். அதே அளவில் திரும்ப வைத்தேன்.

சத்தம் பாதியானது, ஓயவில்லை.

மூன்றாம் ஞாயிறு, குளிர்ந்த எஞ்சினில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடால் அளந்தேன். கையேட்டில் சொன்ன அளவே இருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தபோது, சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு. சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தேன். குமிழிகள் பொங்கின. ஆக்சிலரேட்டரை மூடும்போது, இணைப்பை அடைக்கும் வளையமான கேஸ்கெட் நைந்திருந்ததால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, மிச்ச ஆவியை எரித்திருக்கிறது. புதிய கேஸ்கெட் போட்டு, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

நீண்ட இறக்கத்தில் கியரிலேயே ஆக்சிலரேட்டரை மூடி இறங்கிப் பார்த்தேன். ஒரு வெடிகூட இல்லை. அடுத்த ஞாயிறு பிளக்கின் நிறத்தை மறுபடியும் பார்க்க வேண்டும்.