சுண்ணாம்பு தடவாத கலயம்

“நான் சொன்னது அம்மாம் நீளம், நீங்க சொன்னது இத்துணூண்டா இருக்கே சார்” என்று கள் இறக்கும் அந்த மரமேறி கேட்டபோது, அவர் பேச்சைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்த நான் சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற பிரெஞ்சு அம்மையாருக்கு எதுவும் புரியவில்லை என்றாலும், நாங்கள் இருவரும் சிரிப்பதைக் கண்டு அவரும் சிரித்தார். குழுவில் இருந்த எல்லோரும் அந்த மாலையைத்தான் பயணத்தின் சிறந்த பகுதி என்று பின்னர் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே, பயண நிறுவனத்தின் கணக்கில் அது வெற்றி. என் கணக்கில் அது எந்தப் பக்கம் என்று இன்னும் எழுத முடியவில்லை.

பூம்புகாரில் வழிகாட்டியாக வேலை செய்பவர்களுக்கு ஒரு நிரந்தரச் சங்கடம் உண்டு: சொல்வதற்கு நிறைய இருக்கிறது, காட்டுவதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையையும், பல்லவனேசுவரத்தில் புத்த விகாரையின் அடித்தளத்தையும் காட்டலாம். படகுத்துறையில் கிடைத்த மரத்தூணின் காலம் ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும் செய்தி. ஆனால் மகாபலிபுரத்தைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வரும் விருந்தினருக்கு அது வேலிக்குள் இருக்கும் ஒரு செங்கல் சுவர்தான். மிச்ச நகரத்தைக் கடலும் வண்டலும் எடுத்துக்கொண்டன என்றால் தலையசைப்பார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் சென்னையில் உள்ள நிறுவனம், இடிபாடுகளோடு மது சுவைத்தலையும் சேர்க்கலாம் என்றது. அவர்களுக்கு முன்மாதிரி இத்தாலி. பொம்பெயியில் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் மூடிப்போன திராட்சைத் தோட்டங்களின் வேர்கள் மட்கிய பிறகும், அவை இருந்த குழிகள் மண்ணில் அப்படியே தங்கிவிட்டன. ஆய்வாளர்கள் அந்தக் குழிகளைக் கொண்டு கொடிகள் நின்ற இடத்தைக் கண்டறிந்தார்கள். பின்னாளில் அதே இடங்களில் மறுபடி திராட்சை நட்டு, மதுவும் எடுத்தார்கள். இடிபாட்டைப் பார்த்துவிட்டு அந்த மண்ணில் விளைந்ததையே குடிக்கலாம். நிறுவனம் இதைச் சொன்னபோது எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அவர்கள் அடுத்துச் சொன்னது, நாசிக்கிலிருந்து திராட்சை மதுப் புட்டிகளை வரவழைத்துத் தரங்கம்பாடி விடுதித் தாழ்வாரத்தில் ஊற்றிக் கொடுக்கலாம் என்பது. நாசிக்குக்கும் காவிரிக்கும் என்ன உறவு? உள்ளூர் மது வேண்டுமென்றால் அது கள்தான் என்று நான் சொன்னேன். இந்தத் திட்டம் என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதில் யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், பூம்புகார் மண்ணிலேயே அதைச் செய்ய முடியாது. ஆனால் தெற்கே தரங்கம்பாடியைக் கடந்து நண்டலாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் காரைக்கால். பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் வந்து 1954 வரை வைத்திருந்த ஊர், இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே அரசிடம் ஏலம் எடுத்து நடத்தும் கள்ளுக்கடைகள் உண்டு. தண்ணீர் அதே காவிரித் தண்ணீர், பனை அதே பனை. காலையில் கீழையூர், மதியச் சாப்பாடு தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரில், மாலையில் காரைக்கால் பக்கத்தில் தோப்பை ஒட்டிய ஒரு கள்ளுக்கடை. மூன்று நாடுகளின் கதையும் ஒரே நாளில் வந்துவிடும் என்று நிறுவனத்தார் மகிழ்ந்தார்கள்.

எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. கரிகாலனின் இந்தத் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலையில், மீனவர்களான பரதவர் உவா (முழுநிலவு) நாளில் கடலுக்குப் போகாமல், தாழம்பூச் சூடி, சொரசொரப்பான பனையின் கள்ளைக் குடித்து, உண்டு ஆடியிருக்கும் காட்சி வருகிறது. படகுத்துறைப் பக்கத்தில் நின்று, தொலைவில் தெரியும் பனைகளைக் காட்டி அந்த அடிகளைச் சொல்லி, பிறகு மாலையில் அதே கள்ளைக் கையில் கொடுத்தால், அந்தச் செங்கல் சுவர் வெறும் சுவராக இருக்காது. நம் வட்டாரத்தில் சில வழிகாட்டிகள், யவனர் கொண்டுவந்த மணமிக்க மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்கும் புறநானூற்று 56ஆம் பாட்டைப் பூம்புகாரில் வைத்துச் சொல்கிறார்கள். அது பாண்டியனைப் பாடிய பாட்டு. சோழன் துறைமுகத்தில் அதைச் சொல்லக் கூடாது என்று அவர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன். அன்றைக்கும் இந்த வேறுபாட்டை விருந்தினருக்கு நிறுத்தி நிதானமாக விளக்கினேன். ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். காலையில் நான் இவ்வளவு கறாராக இருந்தேன் என்பதால்தான் மாலையில் நடந்தது உறுத்துகிறது.

அந்த மரமேறிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். தளைநாரைக் காலில் மாட்டி, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி, பேச்சை நிறுத்தாமலே ஏறினார். மேலே பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவியது கீழே எங்களுக்கே கேட்டது. இறக்கிய கலயத்தில் நுரைக்கு மேல் எறும்பும் இரண்டு தேனீக்களும் மிதந்தன. அவர் ஒரு பன்னாடையைக் கலயத்தின் வாயில் வைத்து வடிகட்டி, பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். விருந்தினரில் அந்த அம்மையார் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் எறும்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் சுவை வேறுபடுமா, எத்தனை வயது மரம் நன்றாகச் சுரக்கும், ஒரு நாள் வைத்தால் என்னவாகும் என்று கேட்டார். ஒரு நாள் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தங்கள் ஊர் மது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், கப்பலேறிக் கடல் கடக்கும். இதுவோ மரத்தடிக்கு வருபவனுக்கு மட்டும்தான் என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். மரமேறிக்கும் அது பிடித்திருந்தது. அதுவரை என் வேலையில் ஒரு சொல் சிந்தவில்லை.

பிறகு அம்மையார் கேட்டார்: “காலையில் நாங்கள் பார்த்த ஊரிலும் பனை நிற்கிறதே, நீங்கள் அங்கே ஏறுவதில்லையா?”

மரமேறி சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். பெரும்பாலும் அவர் வாய்ச்சொல்தான். “எங்க ஊரே அதானே சார், பூம்புகாருக்கு மேக்கால. எங்கப்பா அங்கதான் ஏறுனாரு. எம்பத்தேழு பொங்கலுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லிட்டாங்க. அவருக்கு வேற வேலை தெரியாது. ரெண்டு தடவ புடிச்சிட்டுப் போனாங்க. ரெண்டாவது தடவ வந்தப்புறம் அண்ணாந்தே பாக்க மாட்டாரு, குனிஞ்சே நடப்பாரு. கொல்லையில இப்பவும் மரம் நிக்கிது. கலயத்துல ஒரு வெரல் சுண்ணாம்பு தடவுனா பதநீரு, தடவலன்னா கேசு. சீமைச் சரக்கக் கடையில வாங்கிக் குடிச்சா ஒண்ணுமில்ல. நான் எல்லை தாண்டி வந்து அடுத்தவன் மரத்துல ஏறிக்கிட்டுக் கெடக்கேன். இத அந்தம்மாகிட்ட சொல்லுங்க.”

நான் பிரெஞ்சில் சொன்னது இவ்வளவுதான்: “தமிழ்நாட்டுச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை; இங்கே அனுமதி உண்டு என்கிறார்.” அம்மையார் மரமேறியின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “அவ்வளவுதானா?” என்றார். “ஆம்” என்றேன்.

அந்த ‘ஆம்’ எப்படி வந்தது என்றுதான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அரசியல் பேச வேண்டாம் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. கள் இறக்க அனுமதி என்பதோ நம் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் எழும் கோரிக்கை. அது உண்மையான காரணம்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மற்றவர்கள் பட்டையோடு காத்திருந்தார்கள், அதுவும் உண்மை. கடையை ஏலம் எடுத்தவர் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ‘அடுத்தவன் மரம்’ என்ற சொல் அவர் காதில் மறுபடி விழ வேண்டாம், மரமேறியின் பிழைப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று நான் எண்ணியிருக்கலாம். ஆனால் ஏலம் எடுத்தவருக்குப் பிரெஞ்சு தெரியாது. தமிழில் சொன்னதை ஏற்கெனவே கேட்டுவிட்டார். ஆகவே இந்தக் காரணத்தை நான் அப்போது நினைத்தேனா, இரவு வீடு திரும்பும்போது வண்டியில் கண்டுபிடித்தேனா என்பதில் எனக்கே உறுதியில்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதை எழுதத்தான் தயக்கம். அன்று காலையிலிருந்து நான் சொல்லிவந்தது தொடர்ச்சியைப் பற்றி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பரதவர் குடித்தது, இன்று நீங்கள் குடிப்பது, நடுவில் அறுபடாத ஓர் இழை. வேலிக்குள் இருக்கும் செங்கல்லுக்கு உயிர் கொடுத்ததே அந்த இழைதான்; விருந்தினர் அதற்காகத்தான் பணம் கொடுத்திருந்தார்கள் என்றாலும் தவறில்லை. மரமேறி சொன்னதோ, அந்த இழை அறுந்த இடத்தைப் பற்றி. எந்த ஊரில், எந்தப் பொங்கலுக்கு முன்னால், யார் வீட்டில் அறுந்தது என்பது வரை. அதை முழுதாகச் சொல்லியிருந்தால் காலையில் நான் சொன்னதைத் திருத்த வேண்டியிருந்திருக்கும். புலவர் பாடிய பரதவரின் கள்ளை ஒரு சொல் விடாமல் சொன்ன நான், கண்ணெதிரே கலயத்தோடு நின்றவர் சொன்னதை ஒரு வரியாக்கியது நிறுவனத்துக்குப் பயந்துதானா என்று கேட்டால், முழுக்க அப்படிச் சொல்ல முடியவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கள்ளுக்கடை தமிழ்நாட்டில் திரும்ப வர வேண்டும் என்று நினைப்பவனல்லன் நான். குடியால் சீரழிந்த வீடுகளை இந்த வட்டாரத்தில் யாரும் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. தடை வந்தபோது எழுந்த கலப்படக் கள் என்ற பேச்சும் வெறும் சாக்காக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மரமேறி சொன்னதை மட்டும் சொல்லி, தடையை வரவேற்ற வீடுகளின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால், அதுவும் பாதிதானே? விருந்தினர் ஊருக்குத் திரும்பி, ஒரு பழங்குடித் தொழிலை அரசு கொன்றுவிட்டது என்று ஒற்றை வரியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்படி வாதாடும்போது எனக்கே நியாயமாகத் தெரிகிறது. ஆனால் மரமேறி தடையை நீக்கச் சொல்லி என்னிடம் மனுக் கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குத் தன் தகப்பனைப் பற்றிப் பதில் சொன்னார். சமநிலை பார்த்துச் சொல்ல அது என்ன பட்டிமன்றமா?

நான் அவருக்குப் புரியாத மொழியில் பேசினாலும், தன் பேச்சின் நீளம் எவ்வளவு, நான் பேசியது எவ்வளவு என்று அவர் அளந்து வைத்திருந்தார். அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நல்ல நகைச்சுவையாகத்தான் சொன்னார். கிளம்பும்போது எனக்கென்று தனியாக ஒரு பட்டை ஊற்றிக் கொடுத்தார். நான் வேலை நேரத்தில் குடிப்பதில்லை என்றேன். “நீங்க சொன்ன மாதிரி சுருக்கமாத்தான் ஊத்திருக்கேன், குடிங்க” என்றார். குடித்தேன்.

இப்போது இதை எழுதக் காரணம், அந்த அம்மையார் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம். அன்று மரமேறி தன் ஊரைப் பற்றி ஏதோ நீளமாகச் சொன்னார், அதன் முழு விவரம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைப் படித்த நிறுவனத்தார் அதில் ஒரு வாய்ப்பைக் கண்டிருக்கிறார்கள். மரமேறியின் கதையைப் படத்தோடு தங்கள் விளம்பரக் கையேட்டில் போடலாம், இடிபாட்டையும் கள்ளையும் இணைக்கும் ‘மனிதமுகம்’ அதுதான் என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள். அரசியல் வேண்டாம் என்ற நிபந்தனை எங்கே போனது என்று கேட்டேன். பெயர் சொல்லப்படும் தனிமனிதரின் கதை அரசியல் ஆகாது என்று பதில் வந்தது.

சொல்லுங்கள் என்று மரமேறி கேட்டபோது சொல்லாத நான், போடுகிறோம் என்று இவர்கள் கேட்கும்போது வேண்டாம் என்கிறேன். அவர் சொல்லச் சொன்னது எதிரே நின்ற ஒருவருக்கு. கையேட்டில் அச்சாகி விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் வருவதற்கு அல்ல. தகப்பன் மேல் வழக்கு இருந்த செய்தியை அவர் ஊரில் யார் கையிலாவது கொண்டுபோய்க் கொடுப்பதும் சரியில்லை. இவை நல்ல காரணங்கள் என்றே நினைக்கிறேன். அன்று மாலை சொன்ன காரணங்களும் நல்லவையாகத்தான் இருந்தன.

அம்மையாருக்கு மட்டும் தனியாக, நினைவில் உள்ளவரை முழுதாக எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. மரமேறியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. பனையில் பாளை விடுவது தை, மாசிக்குப் பிறகுதான்; அதுவரை அவர் காரைக்கால் பக்கம் வரமாட்டார். பூம்புகாருக்கு மேற்கே என்பதற்கு மேல் அவர் ஊரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கடையை ஏலம் எடுத்தவரிடம் கேட்டால் சொல்வார். எதற்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் என்ன சொல்வது என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.