எதில் கால்?

பாலக்காட்டுப் பக்கத்தில் இருந்த நம் பள்ளியில் தமிழ் மீடியத்துக்கும் மலையாள மீடியத்துக்கும் இடையில் ஒரு மூங்கில் தட்டிதான் இருந்தது என்பது இந்தப் பள்ளி மலரைப் புரட்டுகிற பலருக்கும் நினைவிருக்கும். நாங்கள் ‘சார்’ என்று அழைத்த அதே மனிதரைத் தட்டிக்கு அப்பால் இருந்த பிள்ளைகள் ‘மாஷே’ என்று அழைத்தார்கள். ஆசிரியர் போதாத ஆண்டுகளில் கணக்கு சார் அந்தத் தட்டியை நகர்த்திவிட்டு இரண்டு டிவிஷனையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரு வாக்கியம் தமிழிலும் அடுத்த வாக்கியம் மலையாளத்திலுமாகப் பாடம் நடத்துவார். ஜூன் மாதம் பள்ளி திறந்தாலும் தமிழ்ப் பாடநூல் ஓணப் பரீட்சை நெருங்கும்போதுதான் எங்கள் கைக்கு வரும். அவருடைய முறைக்கு அந்தப் புத்தகம் இல்லாமையே பாதிக் காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. புத்தகம் இருந்திருந்தால் அவரும் எல்லாரையும்போல அதைத் திறந்து வாசித்திருக்கலாம்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அவர் துணிப்பையில் ஒரு படி, ஓர் உரி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு ஆகிய அளவுப் பாத்திரங்களோடு உரித்த நிலக்கடலையும் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். அரையைக் காலால் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டார். முதலில் கை தூக்கியவள் நான். மேலெண்ணை மேலெண்ணாலும் கீழெண்ணைக் கீழெண்ணாலும் பெருக்க வேண்டும், ஆகவே எட்டில் ஒன்று என்று ஒரே மூச்சில் சொன்னேன். வாய்ப்பாட்டை 16 வரை தலைகீழாகச் சொல்லக்கூடியவள் என்ற பெருமை எனக்கு அப்போது நிறையவே உண்டு. அவர் பாராட்டவில்லை. “சரி, அந்த எட்டில் ஒண்ணு காலைவிடப் பெரிசா, சின்னதா?” என்று கேட்டார். பெருக்கினால் பெரிதாகத்தானே வேண்டும்? பெரிது என்றேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அவர் என்னைத் திருத்தாமல், எல்லோரையும் ‘அரைக்கால்’ என்ற சொல்லை மெதுவாகப் பிரித்துச் சொல்லச் சொன்னார். அரை, கால். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு, கணக்கு வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத, ஆனால் செய்யுளை ராகம் போட்டு ஒப்பிக்கிற ஒரு பெண், “காலில் பாதி, சார்” என்றாள். நாம் தினமும் பேசுகிற சொல்லுக்குள்ளேயே அந்தப் பெருக்கல் உட்கார்ந்திருந்தது. மலையாளத்திலும் அது அரைக்கால்தான் என்பதால் தட்டிக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்கும் அது உடனே விளங்கியது. அடுத்து, கள் இறக்குகிற ஒருவரின் மகனைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். அளவு அவன் வீட்டுத் தொழில். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று ஒரு கடலைகூடச் சிந்தாமல் கொட்டிக் காட்டினான். உழக்கு கால் படி, அதில் பாதியான ஆழாக்கு அரைக்கால் படி. அதன் பிறகு ஒவ்வொருவரும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான்காக மடித்து, அந்த நான்கில் ஒன்றை மறுபடி பாதியாக மடித்தோம். கடைசியில்தான் கரும்பலகையில் எண்களை எழுதினார். எனக்குத் தாளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தச் சிறிய கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

இதைப் படிக்கும்போது, சார் சொல்லால் கற்கிறவளுக்குச் சொல்லையும் கையால் கற்கிறவனுக்குக் கடலையையும் எனக்குத் தாளையும் தனித்தனியாகப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவர் செய்தது அதுவல்ல. சொன்னதும், அளந்ததும், மடித்ததும், எழுதியதும் எல்லோருக்குமாகத்தான். ராகம் போடுகிற பெண்ணும் கடலையை அளந்தாள், கள்ளுக்காரர் மகனும் கீழெண் மேலெண் எழுதினான். ஒரு வழியில் பிடிபடாதது இன்னொரு வழியில் பிடிபடட்டும் என்பதோடு, ஒரு வழியில் பிடித்தவன் மற்ற மூன்றிலும் அதையே அடையாளம் காணவேண்டும் என்பதும் அவருடைய கணக்காக இருந்தது.

அன்று பாடம் அத்துடன் முடிந்திருக்கும். மலையாள டிவிஷனைச் சேர்ந்த ஒரு பெண், நாழி இவ்வளவு பெரிதாக இருக்காது என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. படியைத்தான் நாழி என்றும் சொல்லுவோம் என்று நாங்கள் வாதாடினோம். மறுநாள் சார் அவள் வீட்டு நாழியைக் கொண்டுவரச் செய்து நம் படிக்குப் பக்கத்தில் வைத்தார். பெயர் ஒன்று, அளவு வேறு. இரண்டிலும் உழக்கு உண்டு, இரண்டிலும் அது கால்தான், ஆனால் இந்த உழக்குக் கடலையை அந்த உழக்கில் கொட்டினால் வழிந்து மேசையெல்லாம் சிதறியது. “கால்னு சொன்னா மட்டும் போதாது, எதில் கால்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி பிறகு பள்ளி முழுவதும் ஒரு கேலிச்சொல்லாகப் பரவி, மிட்டாய் பங்கிடும்போதுகூட ‘எதில் கால்?’ என்று கேட்கும் அளவுக்குப் போனது.

தசமம் வந்தபோது அவருக்கு அளவுப் பாத்திரங்கள்கூடத் தேவைப்படவில்லை. தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பங்கிடச் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் சிற்றூர்ப் பாசனத்துக்காகக் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேரவேண்டும். 1970இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘ஏழேகால்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். டீக்கடையில் ஏழேகால் என்றால் மணி ஏழேகால் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அந்த ஏழேகால்தான் 7.25 என்று சார் எழுதியபோது, புள்ளிக்குப் பின்னால் இருந்த 25 திடீரென்று எங்களுக்குத் தெரிந்த காலாக மாறிவிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர் என்று அவர் சொல்ல, தரையில் சாக்பீஸால் பெருக்கிப் பெருக்கி 20,500 கோடி லிட்டருக்கு வந்து நின்றோம். வாய்க்காலின் கடைமடையில் வயல் வைத்திருந்தவரின் மகன் ஒருவன், அதில் தன் வீட்டுக்கு வருவது எதில் கால் என்று கேட்டான். அதற்கு மட்டும் சாரிடம் விடை இருக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தமிழாசிரியர் நன்னூல் பாயிரத்திலிருந்து மாணாக்கர் இலக்கணத்தை நடத்தினார். அன்னமும் ஆவும் தலை மாணாக்கர், மண்ணும் கிளியும் இடை, இல்லிக்குடம் என்ற ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்ற பன்னாடை ஆகியோர் கடை. மறுநாளே வகுப்பில் எல்லோருக்கும் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. எனக்குக் கிளி கிடைத்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லுகிறவள் என்பதால் அது நியாயமான பெயர்தான். இதைக் கேள்விப்பட்ட கணக்கு சார் சிரித்துவிட்டு, அதே பாயிரத்தில் ஆசிரியன் பாடம் சொல்லும் முறையைப் பற்றிய சூத்திரத்தையும் படித்தீர்களா என்று கேட்டார். “கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள” என்ற வரியைக் கணக்கு ஆசிரியர் வாயால் கேட்டோம். பவணந்தியார் ஒரே பாயிரத்தில் மாணவனுக்குப் பெயர் சூட்டியும் வைத்திருக்கிறார், அவன் எப்படி ஏற்கிறான் என்பதை அறிந்துகொள்ளும் வேலையை ஆசிரியன் தலையில் கட்டியும் இருக்கிறார். பெயர் சூட்டுவது எளிது என்பதால் நாங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டோம்.

சாரும் ஒருமுறை அதைத்தான் பிடித்துக்கொண்டார் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் துதியாகிவிடும். எட்டாம் வகுப்பில் எங்களோடு படித்த ஒரு பையன் கரும்பலகையிலிருந்து எடுத்தெழுதினால் எல்லாம் தப்பாக இருக்கும், வாயால் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கும். “இவன் காதால படிக்கறவன்” என்று சார் முடிவுகட்டி, எழுத்துவேலையைக் குறைத்து அவனை வாய்மொழியாகவே கேட்டுவந்தார். அவன் கடைசி பெஞ்சில் நிம்மதியாக இருந்தான். ஓராண்டு போனது. ஒரு நாள் தென்னை மரத்தின் நிழலை அளந்து மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கிற பாடத்துக்காக எங்களை வெளியே அழைத்துப்போனவர், போகிற போக்கில் அவனிடம் மேலே எத்தனை குலை இருக்கிறது என்று கேட்டார். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “குலையே இல்லீங்க சார்” என்றான். ஏழு குலைகள் இருந்தன. நாங்கள் அவன் கிண்டல் செய்கிறான் என்று சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவரே அவனைப் பாலக்காட்டுக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக்கொடுத்தார். திரும்பி வந்து வகுப்பில் எங்கள் முன்னால், “ஒரு வருஷம் எனக்குத்தான் கண்ணு தெரியல” என்றார்.

அதை நேரில் கேட்டவள் நான். கேட்டும் அதே தவற்றை மஸ்கட்டில் செய்தேன். இங்கே நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சிப் பட்டறையில் எங்களுக்கு வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, மாணவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர் என்று நான்காகப் பிரிக்கச் சொன்னார்கள். நியூசிலாந்தில் நெடுநாள் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங் வகுத்த முறை அது. நல்ல ஆசிரியர் சிலர் சில மாணவர்களைத் தொடமுடியாமல் போவதும், சுமாரான ஆசிரியர்கள் அவர்களைத் தொட்டுவிடுவதும் ஏன் என்ற அவருடைய கேள்வி நேர்மையானது. என் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் ‘கேட்டுக் கற்பவர்’ என்று வந்தது. வடிவியலில் அவளை வரைய வற்புறுத்தாமல், தேற்றங்களைப் பேசிப் பேசியே விளக்கினேன். அவள் அழகாகத் திருப்பிச் சொன்னாள். ஆண்டுத் தேர்வில் காம்பஸைப் பிடிக்கத் தெரியாமல் விழித்தாள். அவள் அம்மா என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஹெரால்ட் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் 2008இல் இந்தக் கருத்தின் சான்றுகளை ஒட்டுமொத்தமாகப் பரிசோதித்தார்கள். பார்த்துக் கற்பவருக்குப் படமும் கேட்டுக் கற்பவருக்குப் பேச்சும்தான் உண்மையிலேயே அதிகப் பயன் தரும் என்று காட்டவேண்டுமானால், ஒவ்வொரு வகையினரிலும் பாதிப் பேருக்கு ஒரு முறையிலும் மீதிப் பேருக்கு மற்ற முறையிலும் சொல்லிக்கொடுத்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்து, ஒருவருக்குச் சிறந்த முறை மற்றவருக்குச் சிறந்ததாக இல்லை என்பதைக் காட்டவேண்டும் என்றார்கள். அப்படி முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் மிகச் சில, அவற்றிலும் பல அந்தக் கருத்துக்கு எதிராகவே இருந்தன. பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அந்த விருப்பத்துக்கேற்பப் பாடத்தைப் பங்கிட்டால் படிப்பு மேம்படும் என்பதற்குத்தான் போதிய ஆதாரம் இல்லை. படித்து முடித்ததும் என் மனத்தில் எழுந்தது அந்த மேசையும் சிதறிய கடலையும்தான். முக்கோணத்தை வரையாமல் யாராலும் கற்கமுடியாது, ராகத்தைக் கேட்காமல் யாராலும் கற்கமுடியாது. வழியைப் பெரும்பாலும் பாடப்பொருள்தான் தேர்ந்தெடுக்கிறது. ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது, அதற்கு ஏற்கெனவே என்ன தெரியும், கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையெல்லாம் அறிவதுதான் கொள்வகை அறிவது என்று நான் இப்போது பொருள்கொள்ளுகிறேன். பவணந்தியார் உடன்படுவாரோ என்னவோ.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது வேலந்தாவளத்தில் அந்தக் கண்ணாடிக்காரத் தோழரைப் பார்த்தேன். தேங்காய் வியாபாரம் செய்கிறார். மூக்கில் தடித்த கண்ணாடி. லாரிக்காரர் ஒருவர் தாளில் எழுதிய கணக்கை நீட்ட, அதைப் பார்க்காமலேயே வாய்க்குள் முணுமுணுத்து மொத்தத்தைச் சொல்லிவிட்டார். தென்னை மரக் கதையை நினைவுபடுத்தினேன். “அதெல்லாம் சரிங்க டீச்சர், கண்ணாடி வந்துச்சு, போர்டு தெரிஞ்சுது. ஆனா சார் மொதல்ல சொன்னதும் தப்பில்லீங்க. நான் இன்னைக்கும் காதுல கேட்டாத்தான் கணக்குப் போடுவேன்” என்றார். லாரிக்காரர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மொத்தம் சரியாக இருந்தது.