களியக்காவிளையில் ஒரு ஜாமீன் வாதம்

2020 ஜனவரி 8 இரவு, தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, திருவனந்தபுரத்திலிருந்து ஊர் திரும்பும்போதெல்லாம் டார்ச்சுடன் பேருந்தில் ஏறிய காவலர்கள் என் பையைத் திறந்து, சக்கை வற்றல் பொட்டலத்துக்கு அடியிலும் கைவிட்டுத் துழாவினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தேசியப் புலனாய்வு முகமை அவ்வழக்கை எடுத்துக்கொண்டதும் சரியென்றே பட்டது.

என் சிக்கல் சோதனையோடு அல்ல, ஜாமீனோடு. “இந்த மாதிரி கேசுல பிடிச்சவன வெளியே விடவே கூடாது, பாத்துக்கிடுங்க” என்று நான் வழக்கமாகச் செல்லும் டீக்கடை அண்ணாச்சி சொல்வார். ஏறத்தாழ அதையேதான் சட்டமும் சொல்கிறது. மும்பைத் தாக்குதலையடுத்து 2008 டிசம்பரில் திருத்தப்பட்ட ‘உபா’ எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்படி, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்வரை அவகாசம் பெறலாம்; குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், நீதிமன்றம் ஜாமீன் தரக் கூடாது. சாட்சியங்களின் தரத்தை இந்தக் கட்டத்தில் ஆழமாக எடைபோட வேண்டியதில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டதால், காவல்துறை எழுதிய கதையை அப்படியே ஏற்பதைத் தவிர நீதிபதிக்குப் பெரிய வழியில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸுக்குப் போகும் வழியில் 2020 அக்டோபரில் கைதான கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன், விசாரணை முடியாமலேயே ஏறத்தாழ 28 மாதம் சிறையில் இருந்தார். தமிழ்நாட்டில் 2002-இல் ‘பொடா’ எனும் அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதான வைகோவும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அண்ணாச்சிக்கு நான் எடுத்துச் சொன்னது, 2010-இல் மூவாற்றுப்புழையில் பேராசிரியர் ஒருவரின் கை வெட்டப்பட்ட வழக்கு. அதில் குற்றம் சாட்டப்பட்டு, நீண்ட காலம் தலைமறைவாக இருந்து 2015-இல் கைதான நஜீபுக்குக் கேரள உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை, 2021 பிப்ரவரி 1 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் ஐந்தாண்டுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். விசாரிக்க வேண்டிய சாட்சிகள் இன்னும் 276 பேர். அதே வழக்கில் முன்பே தண்டிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்ததோ அதிகபட்சம் எட்டாண்டு. விசாரணை நியாயமான காலத்துக்குள் முடியாவிட்டால், ஜாமீனைத் தடுக்கும் பிரிவு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உறுதி தரும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு வழிவிட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். ஆண்டுக் கணக்காகக் காத்திருந்து உச்ச நீதிமன்றப் படியேற எல்லோராலும் முடியாது என்பதால், இத்தனை ஆண்டில் விசாரணை முடியாவிட்டால் ஜாமீன் என்று உபா சட்டத்திலேயே எழுதிவிடுவதுதான் முறை என்பது என் கருத்து.

“அப்ப அவன் தப்பிச்சுட்டானா?” என்றார் அண்ணாச்சி, பாய்லரைவிட்டுத் திரும்பாமலே. இல்லை, 2023 ஜூலையில் கொச்சி நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது என்றேன்.