கண்ணாடி ஏறாவிட்டால் முதலில் சுவிட்சைப் பாருங்கள்

காரின் கதவுக் கண்ணாடி ஏற மறுத்தால், மோட்டர் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிக் கதவின் உட்பலகையைக் கழற்றுவதற்கு முன்னர், சாரதிப் பக்கத்துச் சுவிட்சுகளைத் துப்புரவாக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண் தூசி மாவைப்போல நுண்ணியது. பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்றும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடும் பழக்கமுள்ள எமது ஊரில், இவை இரண்டும் சுவிட்சின் இடுக்குகளுக்குள் போய்ப் படிகின்றன. மாரி மழையின் சாரலும் முதலில் அங்கேதான் விழுகிறது.

பல கார்களில் மோட்டருக்குரிய மின்னோட்டம் முழுவதும் சுவிட்சின் சிறிய தொடுமுனைகள் வழியாகவே செல்கிறது. அவை பிரியும்போதெல்லாம் நுண்ணிய பொறி எழுந்து கரியைப் படியவைக்க, பழைய கிறீஸ் அந்தக் கரியையும் தூசியையும் பிடித்து இறுகிவிடுகிறது. பின் கதவுக் கண்ணாடி தன் சொந்தச் சுவிட்சுக்கே இயங்காதபோதும் குற்றம் அந்தக் கதவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இத்தகைய இணைப்புகளில், பின் கதவுச் சுவிட்சை அழுத்தும்போது மோட்டரின் ஒரு முனைக்கு 12 வோல்ற் கிடைக்கிறது. மறுமுனை, சாரதிப் பக்கத்துச் சுவிட்சின் ஓய்வு நிலைத் தொடுமுனை (அழுத்தாதபோது தொட்டிருப்பது) வழியாகவே எர்த்தை, அதாவது பற்றரியின் எதிர்முனையோடு இணைந்த கார் உடலை, சென்றடைகிறது. அங்கே கரி படிந்திருந்தால், பின்னால் இருப்பவர் எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. நல்ல மோட்டர்கள் வீணாக மாற்றப்படுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிட்டு, பிளாஸ்ரிக் நெம்பியால் சுவிட்சுத் தொகுதியைக் கிளப்பி, வயரை இழுக்காமல் சொக்கற்றின் பூட்டை அழுத்திப் பிரிக்க வேண்டும். உள்ளே நுண்ணிய சுருள்வில்கள் இருக்கக்கூடும் என்பதால், வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறப்பது நல்லது. ஐசோபுறோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் கரியைத் துடைத்தெடுத்து, நன்றாக உலர விடுங்கள். உப்புத்தாள் தொடுமுனையின் மேற்பூச்சையே உரித்துவிடும். கையில் கிடைக்கும் எண்ணெய் ஸ்பிறேயோ அடுத்த தூசியைப் பிடித்துவைக்கும். இரண்டும் வேண்டாம்.

கண்ணாடி ஓடும் இறப்பர் தடத்தைத் துடைத்து, சிலிக்கன் ஸ்பிறே சிறிதளவு இடுவதையும் நான் தவிர்ப்பதில்லை. இறப்பர் வரண்டு இறுகினால் மோட்டர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கிறது, அந்தச் சுமையும் தொடுமுனைகள்மீதே விழுகிறது. பற்றரியை மீண்டும் இணைத்த பின்னர் தானாக மேலேறும் வசதி இயங்காவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. பல கார்களில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் விடாமல் பிடித்திருந்தால் அது திரும்பிவிடும்.